மனோராஜ்ய வாகனங்கள்

வண்ணாரப்பேட்டையிலே மீன்பாடி வண்டியை அறியாதவர் இல்லை. முன்னே இரு சக்கரங்கள், அவற்றின்மேல் பாரம் ஏற்றும் தட்டு. பின்னே ஒரு சக்கரம். ஆசனத்தின் கீழே ஏதோ ஒரு கிழட்டு மோட்டார் ஸைக்கிளினின்றும் கழற்றிய எஞ்சின். பெரிய தொழிற்சாலை எதிலும் பிறவாத பிராணி இது! காசிமேட்டு மீன் கூடைகளைச் சுமந்து அது வரும் ஓசை கேட்டாலே ஜனங்கள் ஒதுங்கிவிடுவார்கள். சட்டம் அதைக் கண்டு முகஞ் சுளிப்பது வேறு விஷயம்.

இல்லாத வாகனங்களைச் சித்திரம் தீட்ட ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடபுஸ்தகம் கிடையாது என்பது நமது அபிப்பிராயம். "பறக்கும் வண்டி ஒன்று எழுதடா" என்றால், பையன் சுருட்டைப் போல ஓர் உருவம் வரைந்து, இரண்டு சிறகுகளை ஒட்டி, வாலில் நெருப்பைக் கக்க விடுகிறான். ஏறுவது எவ்வழி, நிறுத்துவது எப்படி என்று கேட்டால் விழிக்கிறான். அவன் முதலில் மீன்பாடி வண்டியை உள்ளது உள்ளபடி எழுதட்டும். பாரம் ஏறினால் டயர் எவ்வளவு நசுங்குகிறது? சங்கிலி எதை இழுக்கிறது? கைபட்டுக் கைபட்டு வர்ணம் போன இடம் எது? உப்புக் காற்றில் துரு முதலில் எங்கே பிடிக்கிறது? இவ்வளவும் கண்ட பிறகு ஒன்றே ஒன்றை மாற்றலாம். சக்கரங்களுக்குப் பதிலாக நண்டுக் கால்கள் வைக்கட்டும். துருவும் சேறும் கயிறும் கூடையும் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் ஓர் ஆளையும் நிறுத்திவிட்டால் அளவு விளங்கிவிடும். பார்ப்பவர், 'இது எந்தத் தெருவில் ஓடுகிறது?' என்று கேட்பார்.

நமது கோயில் யாளி வாகனம் செய்தவர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். உடல் சிங்கம், துதிக்கை யானை. இரண்டும் நாம் அறிந்தவை. ஜப்பானியச் சித்திரக்காரர் மியாஸாகி 1988-இல் வெளியிட்ட 'டோட்டோரோ' படத்தில் பூனையே பஸ்ஸாக ஓடி வருகிறது. பன்னிரண்டு கால்கள், கண்களே விளக்குகள். ஆனால் நெற்றியில், போகும் ஊரின் பெயர்ப் பலகை இருக்கிறது! அந்தப் பலகையைக் கண்டதும் நாம் டிக்கெட்டுக்குச் சில்லறை தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

நம் தேசத்தில் விமானங்களையே எழுதியவர் ஒருவர் உண்டு. பண்டித சுப்பராய சாஸ்திரி சொல்லச் சொல்ல எழுதப்பட்ட 'வைமானிக சாஸ்திர'த்துக்கு, 1923-இல் பெங்களூரில் எல்லப்பா என்பவர் சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என்னும் விமானங்களை வரைந்தார். அவற்றைப் பரத்வாஜ முனிவர் காலத்து நிஜ விமானங்கள் என்று பலர் கொண்டாடினார்கள். 1974-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐவர் ஆராய்ந்து, அவற்றில் ஒன்றும் பறக்காது என்றும், நூல் 1904-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்றும் முடிவு கூறினர். இதைச் சொல்வது தேசத் துரோகம் என்று கோபிப்பவர்களும் உண்டு. நமக்கோ எல்லப்பாவின் கையின்மேல் குறை இல்லை. கற்பனைச் சித்திரங்கள் என்று சொல்லியிருந்தால் குழந்தைகள் அவற்றைக் கொண்டாடியிருப்பார்கள். இன்றும் அந்தப் படங்களை அவர்களிடம் தாராளமாகக் கொடுக்கலாம். கூடவே ஒரு பென்சிலையும் கொடுத்து, 'இதன் பாரத்தை எது தாங்குகிறது, காட்டு பார்க்கலாம்' என்று கேட்கலாம்.