கொதிச்சாலும் போகாது!

ஆலங்காயத்துல எங்க கிணத்துத் தண்ணியைச் சொம்புல மொண்டு அப்படியே குடிப்போம். வாணியம்பாடி அத்தை வீட்டுல போர் தண்ணி பாத்திரம் கழுவ மட்டும்; குடிக்கக் கேன்தான். தோல் கழிவால பாலாற்றங்கரை நிலத்தடி நீர் கெட்ட கதை அது. 1996-லயே சுப்ரீம் கோர்ட், அஞ்சு மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டுச்சு.

'காய்ச்சிக் குடிச்சா சரியாப் போச்சு'ன்னு நினைக்கறீங்களா ஃப்ரெண்ட்ஸ்? கிருமிதான் சாகும். உப்பும், தோல் பதனிடற குரோமியமும் ஆவியாகாது. தண்ணி சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். வெளியூர்ல ரூம் எடுக்கறவங்க முதல்ல தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க. தேவைன்னா ஆர்.ஓ. மாட்டுங்க.

"இன்ஜினீயருக்குப் படிக்கறியே, ஆத்துக்கு ஒரு ஃபில்டர் போட முடியாதா?"ன்னு அத்தை கேட்டாங்க. செமஸ்டர்ல இந்தக் கேள்வி இன்னும் வரலை!