தெரிந்துகொள்ளப்படாத யோசேப்பு





2022 ஜூலை 11 உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்று சென்னை வானகரத்தில் கூடிய அதிமுக பொதுக்குழு, எடப்பாடி கே. பழனிசாமியை இடைக்காலப் பொதுச் செயலாளராகத் தெரிந்தெடுத்தது. அதே நாளில் இராயப்பேட்டையிலுள்ள கட்சித் தலைமையகத்தில் அவருடைய ஆதரவாளர்களும் ஓ. பன்னீர்செல்வத்தின் ஆதரவாளர்களும் மோதிக்கொண்டார்கள்.

அந்நாட்களில் நான் ஊழியம் செய்த சபையில், அந்தக் கட்சியை நேசித்த இரண்டு மூப்பர்கள் இருந்தார்கள். "நம்ம கொங்குக்காரரு தலைவரா வரட்டுமுங்க ஐயா" என்றார் ஒருவர். "அம்மா ரெண்டு தடவ நம்பி முதல்வராக்குனது யாரைங்க?" என்றார் மற்றவர். இரண்டும் நியாயமான பேச்சே. ஆனால் சில வாரங்களில் ஆலய வளாகத்திலேயே 'துரோகி' என்ற சொல் விழுந்தது. அடுத்த திருவிருந்து ஆராதனையில், ஒருவர் முழங்கால்படியிட்டிருப்பதைக் கண்ட மற்றவர் எழுந்து வரவேயில்லை. அப்பத்தை ஏந்தி நின்ற என் கண்ணுக்கு அந்த வெற்றிடம் மட்டுமே தெரிந்தது.

இது நமக்குப் புதிதல்ல. எம்.ஜி.ஆரின் மறைவுக்குப் பின், 1989 தேர்தலில் அதே கட்சி ஜெயலலிதாவின் சேவலாகவும் ஜானகி அம்மையாரின் இரட்டைப் புறாவாகவும் பிரிந்து நின்றது. இரு அணிகளும் ஆட்சியைப் பிடிக்கவில்லை. சில வாரங்களில் இணைந்து, இரட்டை இலையை மீண்டும் பெற்றன. ஆனால் எங்கள் தெருவில் அந்தத் தேர்தலில் பேச்சை நிறுத்திய இரண்டு குடும்பங்கள், அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்கும் பலகாரம் பரிமாறிக்கொள்ளவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் முதலாம் அதிகாரத்தை வாசியுங்கள். யூதாசின் இடத்துக்கு ஒருவர் தேவைப்பட்டபோது, ஏறக்குறைய 120 பேர் கூடியிருந்தார்கள். யுஸ்து என்னப்பட்ட யோசேப்பு, மத்தியா என்னும் இருவர் நிறுத்தப்பட்டார்கள். கேட்கப்பட்ட தகுதி ஒன்றே: யோவானின் ஞானஸ்நானம் தொடங்கி ஆண்டவர் பரமேறிய நாள்வரை உடனிருந்தவரா? எந்த ஊர், எந்தக் குலம் என்று அங்கே கேட்கப்படவில்லை. ஜெபித்தார்கள், சீட்டு மத்தியாவுக்கு விழுந்தது. அதன்பின் அந்த யோசேப்பைப்பற்றி வேதம் பேசவில்லை. அவருக்கென்று ஒரு கூட்டம் பிரிந்து போனதாகவும் சொல்லவில்லை. பெந்தெகொஸ்தே நாளிலும் சபை ஒன்றாகவே இருந்தது.

விசுவாசிக்கு அரசியல் ஆகாது என்று சொல்லுகிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. தெரிந்தெடுங்கள், வாதிடுங்கள், வாக்களியுங்கள். ஆனால் 'நம்மவர்' என்பதைத் தகுதியாக்காதிருங்கள். நம் கொங்கு மண்ணில் அந்தச் சொல்லுக்குள் சாதி ஒளிந்திருப்பதை நாம் அறிவோம். நம் சபைக் கமிட்டித் தேர்தல்களிலும் அது புகுந்திருப்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறேன். வேட்பாளரைச் சோதித்துப் பாருங்கள். அவருக்கு வாக்களிக்கும் சகோதரனின் உள்ளத்துக்குத் தீர்ப்பு எழுதாதிருங்கள்.

2023 பிப்ரவரி 23 அன்று, அந்தப் பொதுக்குழு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருவிருந்துப் பந்தியில் விழுந்த இடைவெளியை எந்தத் தீர்ப்பும் நிரப்பவில்லை. பல மாதங்கள் கழித்து, ஒரு மூப்பரின் மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்த நாளில்தான் மற்றவர் அந்த வீட்டுப் படியேறினார். "சாவு வர்ற வரைக்கும் காத்திருந்துட்டேனுங்க ஐயா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்பானவர்களே, நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். அடுத்த திருவிருந்துக்கு வருமுன், நீங்கள் பேசாதிருக்கும் அந்த ஒருவருடைய வீட்டுக்கு இந்த வாரமே போங்கள். அரசியல் பேச அல்ல, ஒரு வாய் காப்பி குடிக்க.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் விருப்பங்களைவிட எங்கள் சகோதரரை நேசிக்க எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.