பசுமை எங்கே தொடங்க வேண்டும்?

ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாள் வந்துவிட்டால் தொழிற்சாலை வாயில்களில் மரக்கன்றுகள் வந்து இறங்கிவிடும். அதிகாரிகள் மண் அள்ளிப் போடுவார்கள்; படம் எடுப்பார்கள். கைதட்டத் தொழிலாளர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்கள் உள்ளத்தில் என்ன ஓடுகிறது என்று கேட்பார் உண்டா?

பின்னலாடைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்க்கும் என் அத்தையைக் கேட்டேன். “கன்னு வெச்சது நல்லதுதான் கண்ணு. நான் தைக்கற எடத்துலதான் காத்தைக் காணோம்!” என்றார்.

அத்தை பசுமைக்குப் பகைவர் அல்லர். சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்ததையும், பாசனத்திற்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்க் குட்டையானதையும் கண்ணால் கண்டவர். உழவர்கள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. அப்போது முதலில் வேலை இழந்தவர் யார்? கழிவை ஆற்றில் விடச் சொன்ன முதலாளியா? இல்லை, கூலிக்குச் சாயம் தோய்த்த தொழிலாளியே! பின்னர், கழிவுநீரைச் சுத்திகரித்து, நீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறை நிலைபெற்றது. ஆக, மனம் வைத்தால் முடியும் என்பது தெளிவு.

2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சொந்த ஊழியருக்கென்றே செய்யும் செலவு இக்கணக்கில் சேராது. நியாயந்தான், தொழிலாளர் நலம் கொடையன்று, கடமை. ஆனால் கொடைக்கு விழாவும் விளம்பரமும் கிடைக்க, கடமை மறக்கப்படுவதைத்தான் தொழிலாளி பார்க்கிறார். ஊருக்கு நிழல் தரும் நிறுவனம் தமக்கு ஒரு மின்விசிறி தரவில்லையே என்று அவர் எண்ணுவது பிழையாகுமா?

பங்குச் சந்தையில் முன்னிற்கும் 1000 நிறுவனங்கள் நீர், மின்சாரம், கழிவு, தொழிலாளர் பாதுகாப்பு பற்றி ஆண்டறிக்கை தரவேண்டும் என்பது 2022-23 முதல் கட்டாயம். நல்ல ஏற்பாடு. ஆனால் எழுதுபவர் அலுவலகத்தில் இருக்கிறார். கழிவைக் கையால் அள்ளுபவர் ஆலைக்குள் இருக்கிறார். அந்த அறிக்கையைத் தமிழில் எழுதி ஆலைச் சுவரில் ஒட்டட்டும். குழாய் எங்கே ஒழுகுகிறது, விளக்கு எங்கே வீணாக எரிகிறது என்று தொழிலாளியைக் கேட்கட்டும். அவர் அறியாததையா ஆலோசகர் அறிந்துவிடப் போகிறார்?

நாளை நம்மில் பலர் அலுவலகங்களில் அமரப் போகிறோம். கன்று நடும் விழாவுக்குக் கையொப்பமிடும் நாளில் ஒன்றை நினைவில் கொள்வோம்: வாயிலில் நட்ட கன்று தழைத்தால் மட்டும் போதாது, உள்ளே உழைப்பவரும் வாடாதிருக்க வேண்டும்.