பச்சை முக்கோணம்

திராட்சை வாங்கி வந்தால் என்ன செய்கிறீர்கள்? உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, நாலு தடவை அலசி, அப்புறம்தான் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள். ரொம்ப சரி. அந்தத் திராட்சைக்கு மருந்து அடித்தாரே ஒருவர், அவரை எந்தத் தண்ணீரில் அலசுவது?

‘மருந்து’! எவ்வளவு அழகான பேர் வைத்திருக்கிறோம், பாருங்கள். அதிலும் பூஞ்சாணக் கொல்லி என்றால் யாருக்கும் பயமே கிடையாது. “அது பவுடர்தானே சார், ஒண்ணும் பண்ணாது” என்பார்கள். பாக்கெட்டில் முக்கோணம் பெரும்பாலும் நீலத்திலோ பச்சையிலோ இருக்கும். சிவப்பு என்றால் கொடிய விஷம். பச்சை என்றால் லேசான விஷம். அரசாங்கமே வகுத்துக் கொடுத்த கலர்.

அந்தக் கலர் எப்படி முடிவாகிறது தெரியுமா? சோதனைக்கூட விலங்குகளுக்கு எவ்வளவு கொடுத்தால் பாதி சாகும் என்ற கணக்கை வைத்து. அதாவது, உடனே ஆளைக் கொல்லுமா என்பதற்கு மட்டும்தான் அது பதில். இருபது வருஷம் முதுகில் ஸ்பிரேயர் சுமந்தவரின் இதயம் என்ன ஆகும் என்ற கேள்வி அந்த முக்கோணத்துக்குள் இல்லவே இல்லை.

அமெரிக்காவில் அதைக் கேட்டார்கள். அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993-ல் தொடங்கி விவசாயக் குடும்பங்களைப் பதிவு செய்து, வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அதில் 22 ஆயிரத்துச் சொச்சம் பெண்களைப் பற்றிய ஆய்வு 2010-ல் வெளியானது. மெட்டலாக்ஸில் என்ற பூஞ்சாணக் கொல்லியைக் கையாண்ட பெண்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் தெரிந்தது.

மெட்டலாக்ஸில் நமக்கு அந்நியமில்லை. திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கும் உருளைக்கிழங்கின் கருகல் நோய்க்கும் மாங்கோசெப்போடு கலந்து இங்கே அடிப்பதுதான். அந்த மாங்கோசெப் உடம்புக்குள் உடைந்தால் எத்திலீன் தயோயூரியா என்றொரு ரசாயனம் உண்டாகிறது. அது தைராய்டைக் கெடுக்கக்கூடியது. தைராய்டு கெட்டால் இதயத் துடிப்பும் கொழுப்புக் கணக்கும் தாறுமாறாகும் என்று எந்த டாக்டரும் சொல்வார்.

“ஆண்களிடம் 2009-ல் நடத்திய ஆய்வில் பெரிதாக எதுவும் தெரியவில்லையே?” என்று கம்பெனிக்காரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதுதான் காரணம் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால், அங்கே ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று சண்டை போடவாவது ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. உங்கள் ஊரில் மருந்து அடிப்பவர் பேர் எந்த நோட்டில் இருக்கிறது?

ஐரோப்பிய யூனியன் 2020 டிசம்பரில் மாங்கோசெப்புக்குக் கதவைச் சாத்தியது. இதயத்துக்காக அல்ல, கருவையும் ஹார்மோனையும் பாதிக்கும் என்று. அதே 2020-ல் நம் மத்திய அரசும் 27 ரசாயனங்களைத் தடை செய்வதாக வரைவு வெளியிட்டது. மாங்கோசெப்பும் அதில் இருந்தது. 2023-ல் உத்தரவு வந்தபோது, முழுத் தடையிலிருந்து அது தப்பித்துவிட்டது.

காமர்ஸ் படித்த எனக்கு ஒரு சின்ன விஷயம் உறுத்துகிறது. ஸ்பிரேயர் வாங்கினால் வருஷா வருஷம் தேய்மானம் எழுதலாம். அதைச் சுமக்கிற மனுஷனின் இதயம் தேய்வதை எழுத எந்தப் பேரேட்டிலும் இடமில்லை. கையுறை, முகமூடி போடு என்று பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டால் கம்பெனியின் கடமை முடிந்தது. வெயிலில் கூலிக்கு அடிக்கிறவர் போடாவிட்டால், அது அவர் தப்பாம்!

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வீடு தேடிப் போய் பி.பி., சுகர் பார்க்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021-ல் தொடங்கியது. அப்படிப் பார்க்கும்போது கூடவே ஒரு கேள்வி: “எத்தனை வருஷமா மருந்து அடிக்கிறீங்க? என்ன மருந்து?” பதிலை எழுதி வையுங்கள். பத்து வருஷம் கழித்து எடுத்துப் பாருங்கள்.

இதற்குத் தனி பட்ஜெட் வேண்டாம், கமிட்டி வேண்டாம். பதில் தெரிந்துவிடுமே என்ற பயம் இல்லாதிருந்தால் போதும்.