கணினி மட்டும் போதாது

உலகம் மாறுகிறது, பாடசாலையும் மாற வேண்டும் என்கிறார்கள். நாமும் அதைத்தான் கேட்கிறோம். 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடம் கைத்தொலைபேசிக்கு வந்தபோது நம் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை ஏறினார்கள். ஆனால் கணினியைக் கொடுத்து அறையைப் பூட்டிவைப்பது நவீன கல்வி ஆகாது. நமது பல தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளே இல்லை. வசதியுள்ள பிள்ளை நகரத்துக்குப் போகிறது. மற்றப் பிள்ளை கிடைத்த பிரிவில் சேர்கிறது, அல்லது கொழும்புக்கு வேலைக்குப் போகிறது. கணினியோடு, தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஆசிரியர்களும் வரவேண்டும். பெற்றோரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று கேளுங்கள். அதை எழுதி வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்புவோம். சம்பளத்துக்காக ஒன்றுசேர்ந்த நாம் பிள்ளைகளின் வகுப்பறைக்காகவும் ஒன்றுசேர்வோம்.