விழித்தெழ எவ்வளவு நினைவு வேண்டும்?

ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதியதைத் திருத்த விரும்பினால், பொதுவாக அது அமைந்த தொகுதி முழுவதையும் முதலில் அழித்தாக வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் இத்தனை முறைதான் அழிபடலாம் என்ற ஆயுள் கணக்கும் உண்டு. ஆகவே கோப்பமைப்பு, தேய்மானம் சமமாகப் பரவும்படி இடம் மாற்றி மாற்றி எழுதுகிறது. கருவியை எழுப்பும் சிறு நிரலான பூட் லோடருக்கோ இந்த நாடோடி வாழ்க்கை ஆகாது. மின்சாரம் வந்ததும் செயலி தேடிப்போகும் இடத்தில் அது அசையாமல் இருந்தாக வேண்டும்.

வீட்டு ரவுட்டர் போன்ற சிறு கருவிகள் பலவற்றில் இவ்விரண்டும் ஒரே சில்லில் குடியிருக்கின்றன. செலவைக் கருதிச் செய்த ஏற்பாடு. நாம் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நடுவே சுவர் வேண்டும். ஒரே தொகுதியை இரண்டும் பகிர்ந்துகொண்டால், கோப்பொன்றைத் திருத்தும் கணத்தில் மின்சாரம் போக, கருவி மறுபடி எழாமலே போகலாம்.

சுவர் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு ஸ்பிரிட் சாட்சி. 2004 ஜனவரியில் செவ்வாயின் குசெவ் பள்ளத்தில் இறங்கிய இந்த நாசா ஊர்தி, 18ஆம் செவ்வாய் நாளில் ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. எழுப்பும் நிரலில் பழுதில்லை. 256 மெகாபைட் ஃப்ளாஷும் நிரம்பிவிடவில்லை. விண்பயணத்தின்போதே சேரத் தொடங்கிய கோப்புகளின் எண்ணிக்கைதான் பெருகியிருந்தது. விழித்ததும் அவற்றின் விவரங்களைத் தற்காலிக நினைவில் ஏற்ற முயன்றது. ஒதுக்கிய இடம் போதவில்லை. விழுந்தது, விழித்தது, அதே சுமையைத் தூக்கி மீண்டும் விழுந்தது. இப்படி அறுபது தடவைக்கு மேல். உறங்க வழியின்றி மின்கலமும் கரைந்துகொண்டிருந்தது.

நிரலுக்கு இன்னொரு பிரதி வைத்திருந்தால் போதாதா என்று கேட்கலாம். அந்தப் பிரதியும் அதே கோப்புகளைத் திறந்து அதே இடத்தில்தான் விழுந்திருக்கும். காப்பாற்றியது வேறொன்று. ஃப்ளாஷைத் தொடாமலே எழுவதற்கு ஒரு வழியை வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே விட்டுவைத்திருந்தார்கள். பொறியாளர்கள் பூமியிலிருந்து அந்தக் கட்டளையை அனுப்பி, கோப்புகளைக் குறைத்து, பிப்ரவரியில் ஃப்ளாஷைத் துடைத்துப் புதிதாக ஒழுங்கமைத்தார்கள். 90 நாட்களுக்கெனத் திட்டமிட்ட ஊர்தி 2010 மார்ச் வரை பேசியது. அதன் இரட்டையான ஆப்பர்சூனிட்டிக்கு 2015இல் ஃப்ளாஷ் தொல்லை தந்தபோதும், ஃப்ளாஷின்றி இயங்கும் இந்த வழியே கைகொடுத்தது.

இலக்கிய வாசகர்களாகிய நாம் நினைவைப் போற்றியே பழகியவர்கள். கருவி செய்வோரிடம் நாம் கேட்க வேண்டியது நேர்மாறானது: சேர்த்துவைத்த எதையும் திறக்காமல் ஒருமுறையேனும் எழுந்து நிற்க அதற்குத் தெரியுமா? தெரியாதெனில், அது எவ்வளவு பெரிய கிடங்கைச் சுமந்தாலும் நமக்குப் பயனில்லை.