திட்டம் முடிகிறது, நோய் முடிவதில்லை

தில்லி அன்சாரி நகரில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐ.சி.எம்.ஆர்.), நாடெங்கும் பரவியுள்ள அதன் ஆய்வு நிறுவனங்களும் வெளியிடும் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளுக்கு ஒரு பொதுவான வடிவம் உண்டு. மேற்பகுதியில் கல்வித் தகுதி, அனுபவம், வயது வரம்பு ஆகியவை இடம்பெறும். கீழ்ப்பகுதியில் கிடைக்காதவற்றின் பட்டியல் இடம்பெறும். பணி முற்றிலும் தற்காலிகமானது. திட்டம் முடியும் நாளில் பணியும் முடியும். நிரந்தரப் பணி கோரும் உரிமை கிடையாது. நிரந்தர ஊழியர்களுக்கு உரிய வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம், விடுமுறைப் பயணச் சலுகை, மருத்துவச் செலவு ஈடு போன்றவை பொருந்தா.

இந்தப் பட்டியலைப் படித்துப் பார்த்து, கையெழுத்திட்டு வேலையில் சேருபவர்கள்தான் நாட்டின் மருத்துவ ஆராய்ச்சியில் கணிசமான பகுதியைச் சுமக்கிறார்கள். சளி மாதிரியைச் சோதிக்கும் ஆய்வக நுட்பர், கிராமத்தில் வீடு வீடாகச் சென்று எடை பார்க்கும் களப் பணியாளர், ஆய்வில் சேர்ந்த நோயாளியைக் கவனிக்கும் செவிலியர், தகவல்களைக் கணினியில் ஏற்றுபவர், முடிவுகளைப் பகுத்து எழுதும் முனைவர் பட்டம் பெற்ற விஞ்ஞானி எனப் பல நிலைகளில் அவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் அனைவருக்கும் பொதுவான பெயர், திட்டப் பணியாளர்.

அண்மை ஆண்டுகளின் ஐ.சி.எம்.ஆர். அறிவிப்புகளின்படி, தொழில்நுட்ப உதவிப் பணியின் முதல் நிலைக்கு மாதத் தொகுப்பூதியம் ரூ.18,000. மருத்துவப் பட்டம் பெறாத ஆய்வு விஞ்ஞானியின் முதல் நிலைக்கு ரூ.56,000. இரண்டுக்கும் வீட்டு வாடகைப்படி தனி. கீழ்நிலை ஊதியம் தலைநகரில் குடும்பம் நடத்தப் போதாது. மேல்நிலை ஊதியத்தைக் குறைவு என்று எவரும் கூற முடியாது. எனவே, பிரச்னையின் மையம் ஊதியத்தின் அளவு மட்டுமல்ல. அந்த ஊதியம் அடுத்த ஆண்டும் வருமா என்பதே அவர்களின் கவலை.

இவர்களின் உழைப்பு எத்தகையது என்பதை நாடு 2020-ஆம் ஆண்டில் நேரில் கண்டது. அந்த ஆண்டின் ஜனவரியில் கரோனா தீநுண்மியைச் சோதிக்கும் வசதி புணேயிலுள்ள தேசிய தீநுண்மியியல் நிறுவனத்தில் மட்டுமே இருந்தது. பின்னர் சோதனைக் கூடங்களின் எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டியது. இந்த விரிவாக்கத்துக்கு முதல் அடித்தளமாக இருந்தவை, 2013-14-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் அரசு மருத்துவக் கல்லூரிகளில் அமைக்கப்பட்ட தீநுண்மி ஆய்வு, நோயறி ஆய்வகங்கள். அங்கே பாதுகாப்பு உடையணிந்து இரவு பகலாகப் பணியாற்றிய விஞ்ஞானிகளும் நுட்பர்களும் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் நியமிக்கப்பட்டவர்களே.

காசநோய் இன்னொரு சான்று. ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளையும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் 10,345 பேரையும் சேர்த்து நடத்தப்பட்ட 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வின் முடிவுகள் 2023 ஆகஸ்டில் வெளியாயின. வீட்டில் இருப்பவர்களுக்கு மாதந்தோறும் சத்தான உணவுப் பொருள்கள் கொடுத்தால், அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது சுமார் 39 சதவீதம் குறைகிறது என்பது அதன் முடிவு. உலகமே கவனித்த முடிவு இது. இத்தகைய ஆய்வுகளில் மலைக்கிராமத்துக்கு மூட்டையைக் கொண்டு சேர்ப்பதும், மாதம் தவறாமல் எடை பார்ப்பதும், இருமுகிறவரைச் சோதனைக்கு அழைத்து வருவதும் திட்டக் காலத்துக்கு மட்டும் நியமிக்கப்படும் பணியாளர்களின் வேலை. ஆய்வு முடிந்து கட்டுரை வெளியாகும்போது அவர்களில் பலர் அடுத்த நேர்முகத் தேர்வுக்கான வரிசையில் நிற்கிறார்கள்.

ஆராய்ச்சியின் கேள்விகள் மாறிக்கொண்டே இருக்கும்; அதனால் பணியும் தற்காலிகமாகத்தான் இருக்க முடியும் என்று அதிகாரிகள் வாதிடுவதுண்டு. அந்த வாதத்துக்கான பதில் ஐ.சி.எம்.ஆர். வரலாற்றிலேயே இருக்கிறது. 1956-இல் சென்னையில் ஐ.சி.எம்.ஆர்., அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை இணைந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. அது ஐந்து ஆண்டுத் திட்டமாகவே தொடங்கப்பட்டது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துக் குணப்படுத்துவதற்கு நிகராக, வீட்டிலிருந்தபடியே மருந்து கொடுத்தும் குணப்படுத்தலாம் என்று 1959-இல் அந்த மையம் உலகுக்கு நிரூபித்துக் காட்டியது.

ஐந்து ஆண்டு முடிந்ததும் 'திட்டம் முடிந்தது' என்று கதவை மூடியிருந்தால் என்னவாகியிருக்கும்? நல்லவேளையாக அவ்வாறு நடக்கவில்லை. அந்த மையம் நிரந்தர நிறுவனமாக்கப்பட்டது. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் 70 ஆண்டுகளை எட்டி இயங்குகிறது. ஒரு திட்டத்துக்கு நிலையான வாழ்வு கொடுத்ததால் விளைந்த நன்மைக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. காசநோய், சர்க்கரை நோய், புற்றுநோய்ப் பதிவேடு, தீநுண்மிக் கண்காணிப்பு ஆகியவை எல்லாம் முடிவில்லாத பணிகள். முடிவில்லாத பணியை மூன்று ஆண்டுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாக ஆளெடுப்பதே இன்றைய நடைமுறையின் அடிப்படைப் பிழை.

துண்டு போடுவதோடு துன்பம் முடிவதில்லை. திட்டத்துக்கான நிதி ஆண்டுதோறும் தவணையாக வருகிறது. முந்தைய தவணைக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் தணிக்கையோடு சென்று சேர வேண்டும். பிறகுதான் அடுத்த தவணைக்கு ஒப்புதல் கிடைக்கும். கோப்பு ஓரிடத்தில் தேங்கினால், முதலில் நிற்பது பணியாளரின் ஊதியம். நிரந்தரப் பணியிலுள்ள தலைமை ஆய்வாளருக்கு அந்த மாதமும் சம்பளம் வந்துவிடும். அவருக்குக் கீழே பணியாற்றுபவருக்கு வராது. ஆயினும் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. உறைபெட்டியில் மாதிரிகள் இருக்கும். ஊரில் நோயாளிகள் காத்திருப்பார்கள்.

ஆராய்ச்சி மாணவர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2019-இல் மாதம் ரூ.31,000 ஆக உயர்த்தப்பட்டது. நாடெங்கும் ஆராய்ச்சி மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு கிடைத்த உயர்வு அது. அடுத்த உயர்வான ரூ.37,000 நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரி முதல். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் விலைவாசி காத்திருக்கவில்லை. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி ஆண்டுக்கு இரு முறை மறுஆய்வு செய்யப்படுகிறது. உதவித்தொகைக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.

வயது வரம்பு மற்றொரு சுவர். தொழில்நுட்ப உதவிப் பணியின் முதல் நிலைக்கு 28 வயது, ஆய்வு விஞ்ஞானியின் முதல் நிலைக்கு 35 வயது என அறிவிப்புகள் வரையறுக்கின்றன. ஒரு திட்டத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவிப் பத்து ஆண்டுகள் கழித்தவர், நாற்பதை நெருங்கும்போது அனுபவத்தில் மூத்தவராகவும் விண்ணப்பத்தில் தகுதியற்றவராகவும் ஆகிவிடுகிறார். தனியார் மருந்து நிறுவனங்கள் அந்த வயதில் புதிதாக ஆளெடுப்பது அரிது. வங்கிக் கடனோ, வீடோ, சில வேளைகளில் திருமணமோகூட இந்த நிச்சயமின்மையால் தள்ளிப் போகின்றன.

இதனால் பாதிக்கப்படுவது தனிமனிதர்கள் மட்டுமல்ல, ஆராய்ச்சியின் நம்பகத்தன்மையும்தான். பணிநீட்டிப்பு முழுவதும் தலைமை ஆய்வாளர் ஒருவரின் பரிந்துரையைச் சார்ந்திருக்கும்போது, தகவலில் தவறு நேர்ந்திருக்கிறது என்றோ, சோதனை முறை மீறப்பட்டது என்றோ சுட்டிக்காட்டும் துணிவு கீழ்நிலைப் பணியாளருக்கு எப்படி வரும்? பல ஆண்டுகள் ஒரே மக்களைத் தொடர்ந்து கவனிக்க வேண்டிய ஆய்வில், ஊர் மக்களின் நம்பிக்கையைப் பெற்ற களப் பணியாளர் பாதியில் விலகினால், அவரோடு அந்த நம்பிக்கையும் விலகிவிடுகிறது. புதியவர் அதே வீட்டுக் கதவைத் தட்டும்போது, முன்பு ரத்தமும் தகவலும் கொடுத்த குடும்பம் தயங்குகிறது.

அரசின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கர்நாடக அரசுக்கும் உமாதேவிக்கும் இடையிலான வழக்கில், 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, முறையான போட்டித் தேர்வு இல்லாமல் தற்காலிகமாகச் சேர்ந்தவர்கள் நிரந்தரப் பணியை உரிமையாகக் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. அரசு வேலை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், இடஒதுக்கீடு பின்பற்றப்பட வேண்டும் என்ற கோட்பாடு அதன் பின்னால் இருக்கிறது. அதைப் புறந்தள்ள முடியாது. திட்டப் பணியாளர் அனைவரையும் ஒரே ஆணையில் நிரந்தரமாக்கினால், புதிய கேள்விகளை ஆராய நிதி மிஞ்சாது என்ற அச்சமும் பொய்யானதல்ல.

ஆனால், அதே தீர்ப்பு, ஒப்புதல் பெற்ற இடங்களில் பத்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர்களை ஒருமுறை நடவடிக்கையாக முறைப்படுத்தலாம் என்றும் கூறியது. அதற்குப் பின்னர் சட்டத்தின் போக்கும் மாறியிருக்கிறது. தற்காலிக ஊழியரும் நிரந்தர ஊழியரின் வேலையையே செய்தால், அந்தப் பதவிக்குரிய குறைந்தபட்ச ஊதிய விகிதம் அவருக்கு உண்டு என்று 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. மத்திய நீர் ஆணையத்தின் துப்புரவுப் பணியாளர்கள், தோட்டக்காரர் தொடர்பான வழக்கில், உமாதேவி தீர்ப்பை நீண்டகாலச் சுரண்டலுக்குக் கேடயமாக்கக் கூடாது என்று 2024 டிசம்பரில் எச்சரித்தது. நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, நிரந்தரமான வேலையைத் தற்காலிகப் பெயரில் வாங்குவது அரசுக்கு அழகல்ல என்ற கருத்து 2025 ஆகஸ்டு தீர்ப்பிலும் வலியுறுத்தப்பட்டது. தில்லியின் அரசு மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தப் பணியிலிருந்த பெண் மருத்துவரின் வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேற்றுச் சலுகை தொடரும் என்று 2023 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது.

இந்தத் தீர்ப்புகள் தாமாகவே ஆய்வுத் திட்டப் பணியாளர்களுக்கு நிரந்தரப் பணி வழங்கிவிடா. ஒவ்வொருவரும் தில்லிக்கு வந்து வழக்குத் தொடுத்துத்தான் நியாயம் பெற வேண்டும் என்பதும் நடைமுறைக்கு ஒவ்வாது. எனவே, தீர்வு கொள்கையாக வர வேண்டும்.

முதலாவதாக, குறுகிய காலக் கேள்விக்கான ஆய்வையும், முடிவில்லாத கண்காணிப்புப் பணியையும் பிரிக்க வேண்டும். இரண்டாவது வகைக்கு ஒப்புதல் பெற்ற நிரந்தர இடங்களை உருவாக்கி, திறந்த போட்டியின் மூலம் நிரப்ப வேண்டும். அந்தப் போட்டியில் திட்டப் பணி அனுபவத்துக்கு மதிப்பெண்ணும், பணியாற்றிய ஆண்டுகளுக்கு ஈடான வயதுத் தளர்வும் உறுதியாகக் கிடைக்க வேண்டும். இது உமாதேவி தீர்ப்புக்கும் இடஒதுக்கீட்டுக்கும் முரண்படாது.

இரண்டாவதாக, தவணை தாமதமாகும் மாதங்களில் ஊதியம் வழங்கவும், ஒரு திட்டத்துக்கும் அடுத்த திட்டத்துக்கும் இடையே சில மாதங்கள் தாங்கவும் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஓர் இடைக்கால நிதி வேண்டும்.

மூன்றாவதாக, வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு, மகப்பேற்று விடுப்பு, பணிக்கொடை ஆகியவற்றின் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், குறிப்பிட்ட காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை அளிக்கின்றன. தனியார் முதலாளிகளுக்கு இந்தக் கடமையை விதித்த அரசு, தன் ஆய்வுத் திட்டப் பணியாளர்களுக்கும் அது உண்டு என்று தெளிவான ஆணை பிறப்பிப்பதே முறை.

நான்காவதாக, பணிநீட்டிப்பு மறுக்கப்பட்டால் முறையிட, தலைமை ஆய்வாளரைச் சாராத ஒரு குழு இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்கலாம். சுகாதார ஆராய்ச்சித் துறைக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையில் சுமார் ரூ.3,900 கோடி ஒதுக்கப்பட்டது. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.50,000 கோடி திரட்டும் இலக்கு அறிவிக்கப்பட்டது. தனியார் துறையின் ஆராய்ச்சியை ஊக்குவிக்க ரூ.1 லட்சம் கோடி நிதியத்துக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பல கோடி ரூபாய்க்குக் கருவி வாங்கும்போது, அதற்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் சேர்த்தே போடப்படுகிறது. அதை இயக்கும் மனிதருக்கு அத்தகைய பராமரிப்பு எதுவும் இல்லை.

நாடாளுமன்றத்துக்கும் இதில் கடமை உண்டு. துறைவாரி மானியக் கோரிக்கைகளை ஆராயும் சுகாதார நிலைக்குழு, எத்தனை கோடி செலவானது என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை பேர் எத்தனை ஆண்டுகளாகத் திட்டப் பணியில் இருக்கிறார்கள், எத்தனை மாத ஊதியம் தாமதமானது என்ற விவரத்தை ஆண்டுதோறும் அவையில் வைக்கச் சொல்ல வேண்டும். மாநிலங்கள்தோறும் ஆய்வு நிறுவனங்கள் இருப்பதால், இது எந்த ஒரு கட்சிக்கும் மாநிலத்துக்கும் உரிய பிரச்னை அல்ல.

2020 மார்ச்சில், கரோனா பணியில் உயிரிழக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கு ரூ.50 லட்சம் காப்பீட்டை மத்திய அரசு அறிவித்தது. நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர், தினக்கூலி என்ற வேறுபாடு அதில் பார்க்கப்படவில்லை. அது பாராட்டத்தக்க முடிவு. உயிர் போன பிறகு காட்டிய அந்தச் சமத்துவத்தை, உயிரோடு ஆய்வகத்தில் நின்று உழைப்பவர்களுக்கும் காட்ட வேண்டும் என்பதே திட்டப் பணியாளர்களின் கோரிக்கை. அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று எவராலும் கூற முடியாது. அது வரும் நாளில் ஆய்வகத்தில் அனுபவம் மிக்க கைகள் இருக்க வேண்டுமானால், அந்தக் கைகளை அரசு இப்போதே தக்கவைத்துக் கொள்ள வேண்டும்.